பெற்றது எத்தனை, இருப்பது எத்தனை

ஜூலை 3

சாருக்கு,

உங்கள் ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவை ஹெச்.எம். என் தலையில் கட்டிவிட்டார். “உங்க வீட்டுக்காரர் பாதியில விட்டுட்டுப் போனதை நீங்கதான் எடுத்து நடத்தணும்” என்றார். வகுப்பைத்தான் சொன்னார். ஆனாலும் ஸ்டாஃப் ரூமில் இருந்த அத்தனை பேரும் சொல்லி வைத்தாற்போல் விடைத்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.

மக்கள்தொகைப் பாடத்தில் எதுவரை வந்தீர்கள்? பிள்ளைகளைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். முதல் பெஞ்சு அடர்த்தி என்கிறது. நடு பெஞ்சு பாடமே ஆரம்பிக்கவில்லை என்று சத்தியம் செய்கிறது. நீங்கள் சந்தேக ராணி என்று பட்டம் கொடுத்திருக்கிறீர்களே, அந்தப் பெண் மட்டும், “பிறப்பு விகிதம் முடிச்சுட்டார் டீச்சர். இறப்பு விகிதம்னு போர்டுல தலைப்பு எழுதினார். அப்புறம் சாக்பீஸை வெச்சுட்டு வெளியே போயிட்டார்” என்றாள். அவள் சொல்வதைத்தான் நான் நம்புகிறேன்.

போன் வேண்டாம் என்று சொன்னது நீங்கள். அதுவும் சரிதான். போன வாரம் பேசியபோது இரண்டு பேரும் மூச்சு விட்டது மட்டும்தான் கேட்டது.

நம் வாலு காய்ச்சலில் போய் மூன்றாவது மாதம் நடக்கிறது. அவள் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவிலிருந்து பெயரை எடுக்க ஒரு கையெழுத்து கேட்டார்கள். அப்பா, அம்மா இரண்டு பேரில் ஒருவர் போட்டால் போதுமாம். போட்டுவிட்டேன். பேனா அவர்களுடையது, நன்றாக எழுதியது.

சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். குழாய்க்கு வாஷர் மாற்றியாயிற்று. பாடக் குறிப்பு இருந்தால் அனுப்புங்கள்.

டீச்சர்


ஜூலை 12

டீச்சருக்கு,

முதலில் பாடம். சந்தேக ராணி சொன்னது சரி. அடுத்து இறப்பு விகிதம், குழந்தை இறப்பு, இயற்கை வளர்ச்சி, இடப்பெயர்வு, கடைசியில் வயதுப் பிரமிடு. பிரமிடு போடும்போது ஆண் இடப்பக்கம், பெண் வலப்பக்கம். மாற்றிப் போடுவார்கள், விடாதே. விகிதம் கேட்டால் எண்ணிக்கையை எழுதுவார்கள், அதையும் விடாதே. பாடம் முடிந்ததும் வழக்கமான கணக்கெடுப்புப் பயிற்சி. ஒவ்வொரு பிள்ளையும் தன் தெருவில் ஒரு வீட்டுக்குப் போய், நிஜக் கணக்கெடுப்பில் கேட்கிற அதே கேள்விகளைக் கேட்டு எழுதி வர வேண்டும். எழுதி வந்ததை வைத்து வகுப்பே சேர்ந்து ஒரு பிரமிடு வரையட்டும்.

பாடம் முடிந்தது. நான் ஏன் வெளியூரில் இந்தத் தற்காலிகப் பணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன் என்று நீ இதுவரை கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

மே மாதம் கணக்கெடுக்கும் பெண் நம் வாசலுக்கு வந்தாள். நான் உள்ளே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். “உங்களுக்குப் பிறந்த குழந்தைங்க எத்தனை மேடம்?” என்று கேட்டாள். நீ “இல்லை” என்றாய்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். நீ பதினைந்து வருடமாக இதைச் சொல்லிக்கொடுப்பவள். பிறந்தது எத்தனை என்று தனியாக, இப்போது இருப்பது எத்தனை என்று தனியாக, இரண்டு கேள்வி எதற்கு? போன பிள்ளை கணக்கைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதற்கு. முதல் கேள்விக்கே இல்லை என்றால் அவள் பிறக்கவே இல்லை என்று ஆகிறது. எட்டு வருடம் அந்த வீட்டை இரண்டு பண்ணிக்கொண்டிருந்தவள். அந்தப் பெண் பூஜ்யம் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். நீ உள்ளே வந்து “சட்டை தீயுது” என்றாய். மனுஷிதானா நீ, கல்லா என்று அன்றைக்கு நினைத்தேன்.

குறிப்புகளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

சார்


ஜூலை 20

சாருக்கு,

குறிப்பு கிடைத்தது. கல் என்கிற பட்டமும் கிடைத்தது.

இறப்பு விகிதம் நடத்திவிட்டேன். வகுப்புக்குள் போகும்வரை என்னால் நடத்த முடியாது என்று நினைத்திருந்தேன். முடிந்தது. ஒரு வருடத்தில் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் என்று எழுதி, உதாரணக் கணக்கு இரண்டு போட்டு, வீட்டுப்பாடமும் கொடுத்தேன். அழகாக நடத்தினேன் சார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

குழந்தை இறப்பு நடத்தும்போது ஒன்று கவனித்தேன். ஒரு வயது முடிவதற்குள் போகிறவர்களுக்கு ஒரு விகிதம். ஐந்து வயது முடிவதற்குள் போகிறவர்களுக்கு இன்னொன்று. எட்டு வயசுக்கு ஒன்றும் இல்லை. நம் புத்தகம் முழுக்கப் புரட்டிப் பார்த்தேன், இல்லை. மணி அடித்தது, போர்டைத் துடைத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனேன்.

இடப்பெயர்வு நடத்துகையில் நடு பெஞ்சு விழித்துக்கொண்டது. ஊரைவிட்டுப் போகத் தள்ளும் காரணி எது, வேறு ஊருக்கு இழுக்கும் காரணி எது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவன் எழுந்து, “நம்ம சார் எதுல வருவார் டீச்சர், தள்ளுனதுலயா இழுத்ததுலயா?” என்று கேட்டான். பக்கத்துப் பையன் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான். “கேட்டு எழுதறேன்” என்றேன். கேட்கிறேன்.

வாசலில் நான் சொன்னது உண்மை. இல்லை என்றுதான் சொன்னேன். ஏன் என்று எழுத உட்கார்ந்தால் எனக்கு வரவில்லை. ஆனால் நீங்கள் உள்ளேதானே இருந்தீர்கள்? நம் வீடு என்ன அரண்மனையா? இரண்டு எட்டு வைத்து வந்து “ஒண்ணு” என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். கோபம் இருந்தால் கோபமாகவே இருங்கள். எனக்குக் கோபம்கூட வர மாட்டேன் என்கிறது.

அடுத்த மாதம் நான்கு நாள் விடுமுறை வருகிறது. அங்கே வரலாமா என்று நினைக்கிறேன்.

தீய்ந்த சட்டையைத் துடைக்கிற துணியாக்கிவிட்டேன்.

டீச்சர்


ஆகஸ்ட் 1

டீச்சருக்கு,

தள்ளும் காரணி என்று எழுதிப் போடு.

நீ வர வேண்டாம். காரணம் கேட்காதே. இங்கே ஆசிரியர் குடியிருப்பில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, சன்னலுக்கு நேராகச் சைக்கிள் கொட்டகை. பக்கத்து அறைகளில் பள்ளிக்கூட கிளார்க்கும் அவர் மனைவியும் ஒரு பெண் குழந்தையும். எதிரே டிரில் சார். எல்லோரும் நல்லவர்கள். தேவைக்கு மேலே பேசுவார்கள்.

மக்கள்தொகைப் பாடம் இங்கேயும் என் பங்குக்கு வந்தது. சரித்திர ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு அவருடைய இரண்டு பாடத்தை வாங்கிக்கொண்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். போர் நடத்துவது எளிதாக இருக்கிறது.

இன்னொன்று. இங்கே என்னை நிரந்தரமாகவே வைத்துக்கொள்ள ஹெச்.எம். விரும்புகிறார். மாதக் கடைசிக்குள் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அந்த ஊருக்குத் திரும்பி வருவது என்பது இல்லை. கொடுத்துவிடலாம் என்றுதான் இருக்கிறேன். நிம்மதியாக இருக்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். காலையில் எழுந்திருக்க இங்கே எனக்கு முடிகிறது, அவ்வளவுதான்.

உன் வகுப்பில் அடர்த்தி இன்னும் ஒருமுறை நடத்து. முதல் பெஞ்சுக்கு அது புரிந்திருக்காது, புரிந்த மாதிரி தலையாட்டுவார்கள்.

சார்


ஆகஸ்ட் 10

சாருக்கு,

நிரந்தரம் என்று படித்தேன். மறுபடியும் படித்தேன். அப்புறம் துணி காயப்போட்டேன்.

கணக்கெடுப்புப் பயிற்சி முடிந்தது. ஒருவன் தன் வீட்டு நாயையும் சேர்த்து ஏழு பேர் என்று எழுதியிருக்கிறான். இன்னொருத்தி வயது என்கிற இடத்தில் “சித்தி சொல்ல மறுத்துவிட்டார், பார்த்தால் நாற்பது இருக்கும்” என்று எழுதி வந்தாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

சந்தேக ராணி அடுத்த தெருத் தையல்காரம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். அந்த அம்மாவுக்குப் பெற்றது மூன்று, இருப்பது இரண்டு. “டீச்சர், இருக்கிற ரெண்டு பேரைப் பத்தி ரெண்டு வார்த்தைதான் சொன்னாங்க. போன ஒருத்தரைப் பத்தி சாயங்காலம் வரைக்கும் சொன்னாங்க. என்னால எழுந்து வரவே முடியலை. எதுக்கு டீச்சர் இப்படி ரெண்டு கேள்வி? இருக்கிறவங்களை மட்டும் கேட்டா போதாதா?” என்றாள்.

புத்தகத்தில் இருக்கிற பதிலைச் சொன்னேன். எத்தனை பிறந்தது என்று தெரிந்தால்தான் எத்தனை தவறியது என்று தெரியும், அது தெரிந்தால்தான் ஆஸ்பத்திரி எங்கே வேண்டும், டாக்டர் எங்கே வேண்டும் என்று தெரியும். தலையாட்டினாள். ஆனால் உட்காரவில்லை. “முதல் கேள்விக்கே தப்பா பதில் சொல்றவங்க இருப்பாங்களா டீச்சர்?”

“இருப்பாங்க” என்றேன். “ரெண்டாவது கேள்வி வந்துடுமேன்னு பயந்து.”

அவ்வளவுதான் சார். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் என் வாயிலிருந்து வந்தபிறகுதான் எனக்கே தெரிந்தது. அன்றைக்கு ஒன்று என்றிருந்தால், அடுத்ததாக “இப்ப இருக்காங்களா?” என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். நம் வீட்டில் அதுவரை யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து “அது நடந்தப்ப”, “அதுக்கு அப்புறம்” என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். முதன்முதலாக அதை முன்பின் தெரியாத ஒருத்தியிடம், வாசலில் நின்றுகொண்டு, உள்ளே இருக்கிற உங்கள் காதில் விழுகிற மாதிரி சொல்ல என்னால் முடியவில்லை. முதல் கேள்வியிலேயே அவளை அனுப்பிவிட்டேன்.

வாலு பிறக்கவில்லை என்று நான் நினைப்பேனா? பிரசவ வலி உங்களுக்கா வந்தது?

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதை ஒருமுறை படியுங்கள்.

டீச்சர்


ஆகஸ்ட் 18

டீச்சருக்கு,

உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் பிரித்தேன். அங்கே உட்கார முடியவில்லை. வரைபடங்கள் வைக்கிற அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ சொன்ன ஒரு வார்த்தையைத் தாங்க முடியாமல் ஊரைவிட்டு வந்தவன் இங்கே என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

வந்த அன்றைக்கே, என் படுக்கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்த கிளார்க், “குழந்தைங்க எத்தனை சார்?” என்று கேட்டார்.

“ஒண்ணு. பொண்ணு” என்றேன்.

“என்ன படிக்குது?”

“மூணாவது முடிச்சு நாலாவது போயிருக்கா.”

வாய் தவறி வரவில்லை. தெளிவாகச் சொன்னேன். படிப்பு கெட்டுவிடக் கூடாது என்று அம்மாவும் பெண்ணும் அங்கேயே இருக்கிறார்கள், வருடம் முடிந்ததும் வருவார்கள் என்றும் சொன்னேன். அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. தினமும் யாராவது கேட்கிறார்கள். “பொண்ணு எப்படி சார் இருக்கா?” “நல்லா இருக்கா.” கிளார்க்கின் மனைவி தன் பெண்ணின் பழைய நாலாம் வகுப்புப் புத்தகங்களை எடுத்து வைத்திருக்கிறார். வந்ததும் சைக்கிள் பழக்கிவிடுவதாக டிரில் சார் சொல்கிறார். முந்தாநாள் அவளுக்குப் பல் விழுந்துவிட்டது என்று நானாகவே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு நிஜம்.

இங்கே அவள் இருக்கிறாள். உன்னை வர வேண்டாம் என்றது அதற்காகத்தான். நீ மட்டும் வந்து இறங்கினால் அவள் எங்கே என்று கேட்பார்கள்.

நீ ஒரு நிமிடம் இல்லை என்று சொன்னதற்கு உன்னைக் கல் என்றேன். நான் இரண்டு மாதமாக இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், இதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. சம்மதக் கடிதம் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். திட்டுவதென்றால் திட்டு.

சார்


ஆகஸ்ட் 24

சாருக்கு,

திட்டத் தோன்றவில்லை. மேல் பல்லா, கீழ்ப் பல்லா என்று கேட்கத்தான் முதலில் தோன்றியது.

நிஜமாகவே சொல்கிறேன், கொஞ்ச நேரம் நானும் அங்கே வந்துவிடலாமா என்று நினைத்தேன். இரண்டு பேருமாகச் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது. விடுதியில் சேர்த்திருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் நன்றாகவே பொய் சொல்வேன், உங்களுக்குத் தெரியும்.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். அரையாண்டு மார்க் என்ன என்று கேட்பார்கள், சொல்ல வேண்டும். அடுத்த வருடம் ஐந்தாவது, அதற்கடுத்து ஆறாவது என்று நீங்களே அவளை வகுப்பு ஏற்ற வேண்டும். நம் வாலுவுக்கு எட்டு வயது. அங்கே நீங்கள் வளர்க்கிற பெண்ணுக்கு ஒன்பது ஆகும், பத்து ஆகும், அவளுக்கு என்னைத் தெரியாது. எட்டு வயதிலேயே நின்றுவிட்டவளை வைத்துக்கொள்ள இங்கே நான் ஒருத்திதான் இருக்கிறேன். ஒற்றை ஆளாக என்னால் முடியவில்லை சார்.

நேற்று அந்தக் கணக்கெடுக்கும் பெண் மறுபடி வந்தாள். எடுத்த கணக்கு சரிதானா என்று சில வீடுகளில் திரும்பக் கேட்பார்களாம். நம் வீடு அதில் மாட்டியிருக்கிறது.

“பிறந்த குழந்தைங்க எத்தனை மேடம்?”

“ஒண்ணு. பொண்ணு.”

“போன தடவை இல்லைன்னு இருக்கே?”

“அது தப்பு. திருத்திக்குங்க.”

“இப்ப இருக்கிறது?”

“இல்லை. ஏப்ரல்ல செத்துட்டா” என்றேன்.

செத்துட்டா என்றே சொன்னேன். சொல்லிவிட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தால், என்னை உட்கார வைத்து என்னையே குடிக்க வைத்தாள். பாவம், சின்னப் பெண். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள் காய்ச்சல், அவளைச் செல்லமாக என்னவென்று கூப்பிடுவோம், எல்லாம் கேட்டாள். இதெல்லாம் அவள் கேட்க வேண்டிய கேள்விகள் இல்லை. நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

கடைசியில், “வீட்டுக்காரர் இந்த வீட்டுலதான் இருக்காரா மேடம்?” என்றாள். தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இப்படி ஒரு பதிலை யாரும் சொன்னதில்லையாம். செப்டம்பர் பிறந்ததும் வருகிறாள்.

நான் என்ன சொல்லட்டும்?

டீச்சர்


ஆகஸ்ட் 29

டீச்சருக்கு,

இருக்கிறார் என்று சொல்.

நான் வருவதற்கு முன்னால் இது உன் கைக்கு வர வேண்டும் என்பதால் சுருக்கமாக எழுதி இன்றைக்கே தபாலில் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். இங்கே பொறுப்பை ஒப்படைத்து முடிக்கும்வரை சில நாள் போய் வர வேண்டியிருக்கும். ஹெச்.எம்.மிடம் சம்மதம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். முகம் சுருங்கிவிட்டது அவருக்கு.

நேற்றுச் சாயங்காலம் கிளார்க்கின் மனைவி ஒரு கவுன் கொண்டு வந்தார். அவர் பெண்ணுக்குச் சின்னதாகிவிட்டதாம், புதுசு கலையாமல் இருக்கிறது. “உங்க பொண்ணுக்கு அளவு சரியா இருக்குமா பாருங்க சார்” என்று என் கையில் கொடுத்தார். விரித்துப் பார்த்தேன். கச்சிதமாக இருந்திருக்கும்.

“அவ இல்லைங்க. ஏப்ரல்ல செத்துட்டா” என்றேன். நீ சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னேன், வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

“ஏப்ரல்லயா?” என்றார் பின்னாலேயே வந்திருந்த கிளார்க். “அப்ப பல்லு விழுந்ததுன்னு சொன்னீங்களே சார்?” என்றார் அந்த அம்மா. பொய் என்றேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். அந்த அம்மா அப்படியே படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழ ஆரம்பித்துவிட்டார். வாலுவை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நான் சொன்ன கதைகளை வைத்துக்கொண்டே அப்படி அழுதார். டிரில் சார் சைக்கிளைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து, ஒன்றும் புரியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் கவுனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் கண் ஈரமாகவில்லை. ஆஸ்பத்திரியிலும் நான் அழவில்லை, உனக்குத் தெரியும். அதற்கப்புறமும் அழவில்லை. யாரோ ஒரு அம்மா நம் பெண்ணுக்காக அழுதுகொண்டிருக்கிறார், நான் வழி கேட்க வந்தவன் மாதிரி பக்கத்தில் நிற்கிறேன். அப்போதுதான் புரிந்தது, இந்த ஊரில் எனக்கு அழுகை வராது. உன் பக்கத்தில் இருந்தால்தான் வரும். அதற்குப் பயந்துதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே எனக்கு வந்துவிடலாம். தெருவில் யாராவது பார்த்தால் பார்க்கட்டும், நீ என்னை உள்ளே கூப்பிட அவசரப்படாதே.

சார்